பழைய வேனுக்கு நியாயமான விலை என்ன? பினாங்கில் ஒரு பேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு லோரோங் கூலிட் பக்கம் போனால், பினாங்குக்காரர்கள் எப்படி விலை பேசுகிறார்கள் என்பதை நேரிலேயே பார்க்கலாம். ஜோர்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டி நடக்கும் பழைய பொருள் சந்தை அது. தரையில் விரித்த கித்தான்மீது ஓடாத கடிகாரம், கரி பிடித்த குத்துவிளக்கு, பழைய நாணயம், ஸ்பேனர், எந்தக் காரிலிருந்தோ கழற்றிய முன்விளக்கு என்று எல்லாம் கிடக்கும். ஒரு காலத்தில் இந்த வியாபாரம் ரோப் வாக் என்று பெரியவர்கள் சொல்லும் ஜாலான் பிந்தால் தாலியில் நடந்தது. பிறகு இங்கே வந்தது.

"போலே குராங்?" என்பதுதான் இங்கே முதல் கேள்வி. கொஞ்சம் குறையுமா என்று அர்த்தம். சீனரிடம் தமிழர் கேட்பதும் இதுதான், தமிழரிடம் மலாய்க்காரர் கேட்பதும் இதுதான். விற்பவர் சிரித்தால் குறையும். "ஹர்கா பாஸ்" என்று சொல்லிவிட்டால் அதுவே கடைசி விலை. அதற்கு மேல் பேசுவது மரியாதை இல்லை.

திரிஷாவில் ஏறும்போதும் இதே பழக்கம்தான். பயணி முன்னால் உட்கார, ஓட்டுபவர் பின்னால் மிதிக்கும் பினாங்கு திரிஷாவில், எங்கே போக வேண்டும், எவ்வளவு நேரம், என்ன கூலி என்று பேசி முடித்த பிறகே ஏற வேண்டும். இறங்கும்போது பேசினால் இருவருக்கும் மனக்கசப்பு. சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகளில் பேரம் இன்னும் மெதுவாக நடக்கும். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே பேசலாம்.

இந்த ஊர் தொடக்கத்திலிருந்தே விலை பேசி வளர்ந்த ஊர். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபின், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயர் இன்றும் சோலியா வீதியில் நிற்கிறது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கும், 1833இல் எழுந்த குயின் வீதி மகா மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் கடைத்தெரு. 2008இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பல இனத்தவர் கூடி வாணிபம் செய்து உருவாக்கிய நகரம் என்பதும் ஒரு காரணம்.

விளக்கும் புத்தகமும் வாங்கும்போது ஏமாந்தால் பத்து வெள்ளி போகும். வீட்டுச் சேமிப்பில் பாதியைக் கொடுத்து ஒரு பழைய வண்டி வாங்கும்போது என்ன செய்வது?

வீட்டையே கூட்டிப்போகும் வேன்

மாநில எல்லை கடக்கும் தடை 2021 அக்டோபர் 11ஆம் தேதி நீங்கியபோது, நம்மில் பலர் கூடாரத்தையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அப்படிக் கிளம்பியவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை, கேம்பர் வேன். பின்னால் படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, குளிர்பெட்டி, விளக்குக்குத் தனி பேட்டரி. பிள்ளைகளோடு ஹோட்டல் அறை தேடாமல் எங்கும் போகலாம் என்ற கனவு.

புதிதாக வாங்குவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பழைய வேன்தான். நம் நாட்டில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறியையும் சுமந்த நிஸ்ஸான் வேனட், கொஞ்சம் பெரியதாக வேண்டுமென்றால் டொயோட்டா ஹைஏஸ். யாரோ ஒருவர் ஆசையாகப் பலகை அடித்து, மெத்தை தைத்து வைத்திருப்பார். சில வருடங்களில் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். வண்டி விற்பனைக்கு வரும்.

என் தங்கை மகளும் அவள் கணவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்கள் இப்படி ஒரு வண்டி தேடினார்கள். தாய்மாமன் என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

விலை சொல்வதில் இந்த வண்டிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் காருக்கு ஒரே வருடம், ஒரே ரகம் என்று பத்து விளம்பரங்களைப் பார்த்து நடு விலையைப் பிடித்துவிடலாம். கேம்பர் வேன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. விற்பவர் தாம் செலவழித்த பணத்தைக் கூட்டுவார். வாங்குபவர் வண்டியின் வயதைக் கழிப்பார். இருவர் கணக்கும் சந்திக்காது.

சீட் பெல்ட் சொன்ன உண்மை

முதலில் பார்த்த வண்டி கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் இருந்தது. வெளியே பளபளவென்று புதுப் பெயின்ட். உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. "வெள்ளத்தில் மாட்டியதா?" என்று கேட்டோம். விற்றவர் சத்தியம் செய்யாத குறையாக இல்லை என்றார். மருமகன் ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில், காய்ந்த சேற்றுக் கோடு ஒன்று நேராக ஓடியது.

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். "ரெண்டாயிரம் குறைக்கிறேன்" என்று வாசல் வரை வந்தார். அந்த வண்டியின் குறை சேறு மட்டும் என்றால் குறைத்து வாங்கலாம். சொன்ன வார்த்தையே பொய் என்றால், இன்னும் என்னென்ன மறைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதற்கு விலை போட முடியாது.

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. அப்போது நனைந்த வண்டிகளில் பல கழுவித் துடைக்கப்பட்டு இன்னமும் சாலையில்தான் ஓடுகின்றன. அதனால் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள். தரை விரிப்பைத் தூக்கி, இருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்கோன் போட்டவுடன் ஈரத்துணி நாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள்.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் மாட்டுக்கு வயது சொல்வார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் விடுவது பெருந்தன்மை ஆகாது.

ஜாலான் பி. ரம்லி வீட்டு வாசலில்

இரண்டாவது வண்டி ஜோர்ஜ்டவுனிலேயே, ஜாலான் பி. ரம்லி பக்கம் இருந்தது. 1929இல் கலைஞர் பி. ரம்லி பிறந்த வட்டாரம். தாழ்வான இடம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்று ஊருக்கே தெரியும். வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், தமிழர். வயது எழுபதைத் தொட்டிருக்கும். வேனட் வண்டி, ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின். கேட்ட விலை 24,000 வெள்ளி.

காப்பி கொடுத்துவிட்டு அவரே தொடங்கினார்.

"தம்பி, ஒன்ன முதல்லயே சொல்லிடறேன். 2017 வெள்ளத்துல கால் வைக்கிற இடம் வரைக்கும் தண்ணி வந்துருச்சு. மறுநாளே எல்லாத்தையும் பிரிச்சுக் காய வெச்சேன். எஞ்சினுக்குள்ள போகல. நம்புறது உங்க இஷ்டம்."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வண்டியைச் சுற்றிப் பார்க்க வெளியே வந்தபோது மருமகன் என் காதோடு சொன்னார்: "மாமா, இதைச் சொல்லியே ஐயாயிரம் குறைச்சிடலாம்."

தங்கை மகள் குறுக்கிட்டாள். "அவர் சொல்லலைன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அந்தக் கேள்வியில்தான் இந்தப் பேரத்தின் மொத்த நியாயமும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. உண்மை சொன்னவருக்கு ஐயாயிரம் நஷ்டம், மறைத்தவருக்கு நஷ்டமில்லை என்று ஆகிவிட்டால், அடுத்த முறை அவரும் மறைப்பார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் மறைப்பார். கடைசியில் சந்தையில் உண்மை சொல்ல ஆளே இருக்காது. அந்த நஷ்டம் வாங்குகிற நம் எல்லாருக்கும்தான். அதற்காகக் குறையைக் குறையே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. பிள்ளைகளோடு போகப்போகும் வண்டி.

"வெள்ளத்தால் ஆன சேதம் எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேட்போம். அந்தத் தொகையைக் கழிப்போம். அவ்வளவுதான்" என்று முடிவு செய்தோம்.

தீவைச் சுற்றி ஒரு சோதனை ஓட்டம்

வண்டியை ஓட்டிப் பார்க்க அந்தப் பெரியவரே வழி சொன்னார். "ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் தெரியாதும்மா. மலை ஏறுங்க." அவரும் கூட வந்தார்.

பழைய வண்டியைச் சோதிக்கப் பினாங்குத் தீவைப் போல வசதியான இடம் கிடைப்பது அரிது. ஆயர் ஈத்தாம் நெரிசலில் கிளட்சைச் சோதிக்கலாம். கெக் லோக் சி கோயிலைத் தாண்டிப் பாயா தெருபோங், அங்கிருந்து ஜாலான் துன் சார்டோன். வளைந்து வளைந்து ஏறும் இந்தச் சாலையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வேனட்டில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், சத்தமும் சூடும் உடனே தெரிந்துவிடும். உச்சியைத் தாண்டி பாலிக் பூலாவுக்கு இறங்கும்போது பிரேக்கின் குணம் தெரியும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

பாலிக் பூலாவில் லக்சா சாப்பிட நிறுத்தினோம். சாப்பிட்டு வந்து வண்டி நின்ற இடத்தில் குனிந்து பார்த்தோம். தரையில் எண்ணெய் சொட்டவில்லை. சூடான எஞ்சின் மறுபடி ஒரே திருகில் கிளம்பியது. பிறகு தித்தி கெராவாங் வழியே வடக்கே போனோம். சாலையோரத்தில் பழக்கடைகள், ஜாதிக்காய் ஊறுகாய். டுரியான் பருவத்தில் இங்கே நிற்காமல் போகிறவர்கள் குறைவு. தெலுக் பஹாங் அணைக்கட்டு வந்ததும் வலப்புறம் தண்ணீர், இடப்புறம் காடு என்று பிள்ளைகள் ஆசைப்படும் காட்சி. 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல் இந்த ஊரில்தான். உள்ளே வண்டி போகாது, நடந்துதான் போக வேண்டும்.

பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா கடற்கரைச் சாலையில் திரும்பும்போது பெரியவர் இன்னொரு பாடம் சொன்னார். கடலோரத்திலேயே நிறுத்தி வைக்கும் வண்டிக்கு உப்புக்காற்றால் அடிப்பாகம் துருப்பிடிக்கும். அதனால் கடற்கரையில் இரண்டு நாள் தங்கினால், வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். விற்கப்போகிற வண்டியை இனி எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித் தருகிறவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஒரு தாளில் எழுதிய விலை

மறுநாள் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றார். ஓட்டுநர் பக்கத் தரைத்தகட்டில் மட்டும் துரு. வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடிக்க 1,500 வெள்ளி. வெள்ளத்தின் விலை அவ்வளவுதான். ஐயாயிரம் இல்லை.

பிறகு தங்கை மகள் ஒரு தாளில் கணக்கு எழுதினாள். அவர்கள் தேடியபோது பார்த்த, படுக்கை எதுவும் இல்லாத அதே வயது வண்டிகளின் நடு விலை 13,500. பெரியவர் உள்வேலைக்குச் செலவழித்தது 14,000. அது சில வருடம் பயன்பட்டுவிட்டதால் பாதி, 7,000. ஆக 20,500. இதில் தரைத்தகடு 1,500, நான்கு டயர் 900, கிழிந்த வெயில்மறைப்பு 600, தனி பேட்டரி 500. கழிவு 3,500. மீதி 17,000.

அந்தத் தாளை அப்படியே பெரியவர் கையில் கொடுத்தாள். "அங்கிள், இதுல ஏதாவது தப்பா இருந்தா நீங்களே திருத்துங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். கிளட்ச் தட்டும் ரேடியேட்டரும் முந்தைய ஆண்டுதான் மாற்றியது, ரசீது இருந்தது. அதற்காக 1,000 வெள்ளி கூட்டச் சொன்னார். அது நியாயம்தான். 18,000 வெள்ளிக்குப் பேச்சு முடிந்தது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. தாளை மேசைமேல் வைத்துப் பேசுவது அதற்கு நேர் எதிர். எதற்கு எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும். யாரும் தோற்றதாக நினைக்க வேண்டியதில்லை.

கையெழுத்துக்கு முன்

விலை முடிந்த பிறகும் சில வேலைகள் உண்டு.

முதலில் கெரான், அதாவது வாகனப் பதிவுச் சான்று. அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் உரிமை நீங்கியதற்கான கடிதம் வேண்டும். கட்டாத சம்மன்கள் இருந்தால் அதை யார் கட்டுவது என்று விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள்.

கேம்பர் வேனில் முக்கியமானது இருக்கைகள். பதிவில் உள்ள எண்ணிக்கையும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. எங்கள் பெரியவர் கழற்றிய பின் இருக்கையைத் தூக்கிப் போடாமல் வீட்டின் பின்கட்டில் வைத்திருந்தார். படுக்கைப் பலகையும் கழற்றி மாட்டும்படி செய்தது. அதனால் புஸ்பாகோம் சோதனைக்கு இருக்கையைப் பொருத்திக் கொண்டுபோக முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான அந்த பி5 சோதனையில் தேறிவிட்டால் எஞ்சின் பல வருடம் ஓடும் என்று அர்த்தமில்லை. சொந்த மெக்கானிக் பார்ப்பது வேறு, இது வேறு.

முன்பணம் சிறிய தொகையாக இருக்கட்டும், ரசீதோடு கொடுங்கள். சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தரப்படும் என்று அதில் எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தைப் பெயர் மாற்றம் நடக்கும் நாளில் கொடுத்தால் போதும். விற்பவரின் காப்புறுதி உங்களுக்கு வராது. உங்கள் பெயரில் புதிதாக எடுத்த பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. வியாபாரியிடம் வாங்குவதற்கும் தனி மனிதரிடம் வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்பவரைக் கட்டுப்படுத்துகிறது. அவர்மீது 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல், 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். தன் சொந்த வண்டியை விற்கும் தனி மனிதரிடம் வாங்கும்போது அந்தக் கதவு இல்லை. விலை குறைவாக இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே பார்க்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே பயனீட்டாளர் உரிமைக்குக் குரல் கொடுத்த ஊர் பினாங்கு. தமிழ்நாட்டில் பிறந்து ஜோர்ஜ்டவுனில் வணிகராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019இல் மறையும் வரை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை வழிநடத்தினார். அதே சங்கத்தில் உழைத்த அன்வர் ஃபசால், 1978 முதல் 1984 வரை அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவராக இருந்தார். வாங்குபவருக்கு உரிமை உண்டு என்று உலகுக்குச் சொன்னவர்களில் இருவர், பேரம் பேசும் இந்தத் தெருக்களில் நடந்தவர்கள்.

வண்டியோடு வருகிறவர்களுக்கு

வேனில் பினாங்கு வர நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரை ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்த அந்தப் பழைய இரட்டைத்தட்டு ஃபெரிகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் மட்டுமே ஏற்றும். வேனுக்கு 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் அல்லது 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம்தான். தீவுக்குள் நுழையும்போது மட்டும் டோல் கட்டினால் போதும்.

பழைய நகரின் வீதிகள் குறுகலானவை. வேனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. இரவு எங்காவது கடற்கரையில் தங்குவதாக இருந்தால், அங்கே அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, குப்பையைக் கையோடு எடுத்து வாருங்கள்.

என் தங்கை குடும்பம் இதுவரை மூன்று முறை அந்த வேனில் போய்விட்டது. தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போனபோது, பெரியவர் முதலில் வண்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தாராம். பிறகுதான் வீட்டுக்குள் கூப்பிட்டாராம். விற்றவர் வீட்டுக்கு வாங்கியவர் பலகாரத்தோடு போக முடிந்தால், அந்த விலை நியாயமான விலைதான்.